நானே டியூன் செய்த வண்டி

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. கார்ப்பரேட்டர் வைத்து வந்த கடைசி வண்டிகளில் ஒன்று. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நான் ஓய்வுபெற்று, பட்டாபிராமில் வீடு கட்டிக் குடிவந்தபோது அதுவும் கூடவே வந்தது.

சென்ற ஆண்டு அதற்கு ஒரு கோளாறு வந்தது. ஏ.சி.யைப் போட்டால் எஞ்சின் விட்டு விட்டு ஓடும். மேம்பாலம் ஏறும்போது இழுவை இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைத் திருமழிசையில் ஒரு டியூனரிடம் விட்டுச் சரிசெய்து வாங்கியிருந்தார். அந்த ஆள் எஞ்சின் டியூனிங் மட்டும்தான் செய்வாராம். புகையை அளக்கவும் டைமிங் பார்க்கவும் மெஷின் வைத்திருக்கிறாராம். என் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.

"அவர்கிட்ட ஒரு தபா காட்டினா இன்னாங்க?"

அவள் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வருடம் என்னோடு குவார்ட்டர்ஸில் இருந்தும் அவள் பேச்சு மாறவில்லை.

"முப்பத்தொரு வருஷம் எஞ்சின் செக்‌ஷன்ல வேலை பார்த்தவன் நான். என் வண்டிய டியூன் பண்ண இன்னொருத்தன் வேணுமா?" என்றேன்.

தொழிற்சாலையில் நான் பார்த்ததெல்லாம் ராட்சத டீசல் எஞ்சின்கள். அவற்றில் கார்ப்பரேட்டரும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு யாரும் என்னை எதற்காகவும் கூப்பிடவில்லை. கையில் ஸ்பேனரைப் பிடித்து நின்றால்தான் நான் யாரென்று எனக்கே ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு அது தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை.

அதன்பின் தினமும் மாலையில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பேன். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டுமே. அவள்தான் வருவாள். ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். நான் "குடு" என்றால் அழுத்துவாள், "விடு" என்றால் எடுப்பாள். மடியில் முருங்கைக்கீரை இருக்கும். எஞ்சின் ஓட ஓட உருவிக்கொண்டிருப்பாள். செல்போனில் வீடியோ பார்த்து நான் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பினேன். ஒரு நாள் நன்றாக இருக்கும். மறுநாள் பழையபடி ஆகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளும் மருமகனும் கனடா போவதென்று முடிவானது. எங்களுக்கு ஒரே மகள். கடைசி வாரம் குரோம்பேட்டையில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு அங்கிருந்தே விமான நிலையம் வருவதாக ஏற்பாடு. நாங்கள் நேராக அங்கே போய்ப் பார்த்து வழியனுப்ப வேண்டும்.

"அப்பா, கார்ல வரதா இருந்தா அந்த டியூனர்கிட்ட குடுத்து ரெடி பண்ணிடுங்கப்பா. இல்லன்னா டாக்ஸி புக் பண்ணிடுங்க. அன்னிக்கு மட்டும் வேணாம்பா உங்க பரிசோதனை" என்று மகள் போனில் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. சரி என்றேன். சொன்னதைச் செய்யவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி, பிளக்கில் பொறி விழும் டைமிங்கை முன்னுக்குத் தள்ளினேன். மைலேஜும் கிடைக்கட்டும் என்று பெட்ரோல் போவதையும் குறைத்து வைத்தேன். வண்டி ஜிவ்வென்று இழுத்தது. பட்டாபிராம் மேம்பாலத்தில் ஏ.சி. போட்டபடியே ஏறியது. பாலத்தின் மேல் மட்டும் எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம், டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல.

"இன்னா சத்தம் அது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எஞ்சின் ஃப்ரீ ஆயிருக்கு, அதான்."

அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். டைமிங் அதிகம் முன்னால் போய்விட்டது என்று அர்த்தம். வெயிலில் நீண்ட தூரம் போனால் எஞ்சின் கொதித்துவிடும். திருப்பி வைத்தால் இழுவை போய்விடும். அவள் முன்னால் அதைத் திருப்பி வைக்க மனம் வரவில்லை.

அன்று மதியம் இரண்டரைக்குக் கிளம்பினோம். ஆறு மணிக்கு டெல்லி விமானம், அங்கிருந்து கனடா. அவள் மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். மகள் எடுத்துவைக்க மறந்திருந்த இட்லித் தட்டையும் பருப்புப் பொடியையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். பருத்திப்பட்டு தாண்டியதுமே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலேறியிருந்ததைப் பார்த்தேன். ஏ.சி.யை நிறுத்தினேன். சென்னீர்குப்பம் நெரிசலில் வண்டிகள் நகரவே இல்லை. அங்கே பானெட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஓரம் கட்டும்போதே எஞ்சின் நின்றுவிட்டது. அப்போது மணி மூன்று பத்து.

"ஆட்டோ புடிச்சிப் போயிடலாங்க" என்றாள் உடனே.

"பத்து நிமிஷம். சூடாயிருக்கு, அவ்ளோதான். ஆறினதும் கிளம்பிடும்."

டீக்கடையில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். கை சுட்டது. ஸ்டார்ட் செய்தால் முக்கிவிட்டு நின்றது. மறுபடி ஊற்றினேன். அவள் பையை அணைத்தபடி வெயிலில் நின்றாள். இடையில் மகள் போன் செய்தாள். "வந்துகினே கீறோம்மா" என்று இவள் சொல்வது காதில் விழுந்தது. நான் நிமிரவில்லை.

கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் தானாகவே வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார், இட்லிப் பானை மாதிரி ஆவி வருது, இன்னும் நோண்டிகினு கீறியே. அம்மா மொகத்தப் பாத்தியா? இட்டுகினு ஏறு சார்."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று ஐம்பது.

குன்றத்தூர் வழியாகப் போனோம். நாலே முக்காலுக்கு மகள் போன் செய்து, "இதுக்கு மேல நிக்க முடியாது, கவுன்டர மூடிடுவாங்க" என்றாள். அப்போது பல்லாவரத்தைக்கூடத் தொடவில்லை. ஐந்தே காலுக்கு விமான நிலைய வாசலில் இறங்கினோம். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும் வரை அவர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள் என்று மருமகனின் அப்பா சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பத்துக்கே ஆட்டோ ஏறியிருந்தால் கால் மணி நேரமாவது பார்த்திருப்போம்.

அவள் மகளுக்குப் போன் போட்டு, தள்ளிப் போய் ஒரு தூணோரம் நின்று பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இட்லித் தட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு உலை வைத்தாள்.

மறு வாரம் வண்டியை ஒரு வேனில் கட்டி இழுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போனேன். அவளும் வந்தாள். டியூனருக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத மனிதர். திறந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் கொதிச்சு ஹெட் கேஸ்கெட் போயிருக்கு சார். பிளக்கப் பாத்தாலே தெரியுது, டைமிங்க ரொம்ப முன்னாடி வெச்சு ஓட்டியிருக்காங்க. எந்த மெக்கானிக் வெச்சது?" என்றார்.

"நான்தான்."

அவர் முகம் மாறிவிட்டது. "முன்னாடியே கொண்டாந்திருந்தா அர மணி நேர வேலை சார்" என்று மட்டும் மெல்லச் சொன்னார். என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இனிமே உங்ககிட்டயே விட்டுடறோம் தம்பி" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அதன்பிறகு மகள் வாரா வாரம் வீடியோவில் வருவாள். என்னிடம் பேசுவாள். அம்மாவிடம் "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு முடித்துக்கொள்வாள். போனை வைத்ததும் இவள், "புது வேலை, அலுப்பா இருக்கும் போல" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டி நின்றுபோனது பற்றி மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எண்ணி உள்ளூர நிம்மதி அடைந்தேன்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை, மாடியில் துணி உலர்த்தப் போனவள் இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தபோது கொடிக்கு அடியில் கிடந்தாள். கையில் என் சட்டை இருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். மாரடைப்பு.

மகள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்து அவள் அழுததை என்னால் எழுத முடியாது.

காரியம் எல்லாம் முடிந்து, உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு மாலை நானும் மகளும் மட்டும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அவள் திடீரென்று சொன்னாள்:

"அன்னிக்கு அம்மா ஏர்போர்ட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாம்பா. நான் போற அன்னிக்குத்தானா கோயிலுக்குப் போகணும்?"

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கோயிலுக்கு?"

"அம்மாதான் சொன்னாங்களே. எனக்கு அர்ச்சனை பண்ணப் போனேன், கூட்டம், அதனால வீட்ட விட்டுக் கிளம்பவே லேட்டாயிடுச்சு, என் தப்புதான்னு. நீங்க எவ்ளோ சொல்லியும் கேக்கலையாம். எனக்குக் கோவம் அடங்கவே இல்லப்பா. சரியாவே பேசல நான். அடுத்த வருஷம் வரும்போது சமாதானம் ஆயிக்கலாம்னு இருந்தேன்."

தூணோரம் நின்று என் மனைவி பேசியது அதுதான். மகள் என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று தெரிந்து, அந்தக் கோபத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஐந்து மாதம், வாரா வாரம், என் கண் முன்னாலேயே.

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் அதைத்தான் விரும்பியிருப்பாள். ஆனால் மகளின் மனதில் அவள் அம்மா அப்படியே நின்றுவிடுவதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டியூனரிடம் விடாததை, டைமிங்கைத் திருப்பியதை, மேம்பாலத்துச் சத்தம் என்னவென்று தெரிந்தும் மறைத்ததை, வெயிலில் அவளை நிற்கவைத்ததை.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்ளோ நேரம் நின்னாங்க?"

"நாற்பது நிமிஷம்."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து அழுகை கேட்டது. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

திரும்பிப் போகும் நாளில் டாக்ஸியில் நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு நின்றபோது என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு உங்க மேல கோவம் போகலப்பா. எப்போ போகும்னும் தெரியல. ஆனா போன் பண்ணுவேன். அம்மாகிட்ட சரியா பேசாம இருந்த மாதிரி உங்ககிட்ட இருக்க மாட்டேன்."

சொன்னபடியே ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். என்ன சமைத்தேன் என்று கேட்கிறாள், அங்கே பனி எவ்வளவு என்று சொல்கிறாள். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. சில சமயம் பேச்சு தீர்ந்துவிடும். அப்போதும் போனை வைக்காமல் அவள் அங்கே தன் வேலையைப் பார்ப்பாள், நான் இங்கே அரிசி களைவேன்.