ஒலி சரிபார்க்கப்பட்டது

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களை மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தபோது, அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நாகர்கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மருத்துவமனை. உப்புக்காற்று எந்த எந்திரத்தையும் நிம்மதியாக இருக்க விடாது. இரண்டு வருடத்தில் ஃபேன் இரைய ஆரம்பிக்கும், மூன்றாவது வருடம் உள்ளே பச்சைக் களிம்பு பிடிக்கும். நிர்வாக அலுவலரான எனக்குப் பாதி நாள், "மேடம், சிஸ்டம் ஆன் ஆகல்ல" என்ற போன்களுக்குப் பதில் சொல்வதிலேயே போனது.

அதனால்தான் தின் கிளையன்ட் என்ற யோசனை எனக்குப் பிடித்தது. மேசையில் ஒரு டிபன் பாக்ஸ் அளவில் சின்னப் பெட்டி. அதற்குள் ஃபேனும் கிடையாது, ஹார்ட் டிஸ்க்கும் கிடையாது. வேலையெல்லாம் சர்வர் அறையில் ஓடும். திரையும் சத்தமும் மட்டும் வயர் வழியாக மேசைக்கு வந்து சேரும். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொரு பெட்டியை மாட்டினால் போதும். வரவேற்பு, மருந்தகம், லேப், ரெக்கார்ட்ஸ், எல்லா இடத்திலும் ஒரே பெட்டி. அந்த 'ஒரே' என்கிற சொல்லில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஐந்து பேர். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியாக டைப் செய்வது அவர்கள் வேலை. ஐந்து பேரில் வேகமாகவும் பிழையில்லாமலும் அடிப்பவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் வீடு. பஸ் ஏறி வருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

அவருடைய கம்ப்யூட்டரில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. ஒரு காதில் டாக்டரின் குரல், மறு காதில் அந்த மென்பொருளின் குரல். அவர் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அது அந்தக் கணமே சொல்ல வேண்டும். ஒருமுறை அவருடைய ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். கடலை வறுபடுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"இதுல என்ன அண்ணன் கேக்குது?" என்றேன்.

"உங்களுக்குக் கண்ணு இருக்குல்லா, அதான் காது சோம்பேறியாப் போச்சு," என்று சிரித்தார்.

ஆக, அவருக்குச் சத்தம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தேதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இரண்டு கம்பெனிகள் மாதிரிப் பெட்டிகள் கொண்டுவந்தன. ரெக்கார்ட்ஸில் ஒரு வாரம் வைத்துச் சோதிப்பது என்று முடிவாயிற்று. அந்த வாரம் அண்ணன் லீவு. மகளைக் கல்லூரியில் சேர்க்க மதுரைக்குப் போயிருந்தார். சோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் தரச்சான்றுக்காக வெளியாட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குள் புதுப் பெட்டிகள் எல்லா மேசையிலும் இருக்க வேண்டும் என்று எனக்கு அவசரம்.

நான் தேர்ந்தெடுத்த பெட்டியின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் எஞ்சினியர் வந்திருந்தார். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். பிரிண்டர், ஸ்கேனர், ஒலி. ஹெட்போனை மாட்டி ஒரு டாக்டரின் பதிவைக் கேட்டேன். தெளிவாக இருந்தது.

"ஸ்கிரீன் ரீடர் யூஸ் பண்றவங்க யாராவது இருக்காங்களா மேடம்?" என்று கேட்டார் அவர். "இருந்தா அவங்களை உட்கார வச்சுத் தனியாப் பாக்கணும். சத்தம் சர்வர்ல இருந்து வர்றதால கொஞ்சம் பிந்தும். மத்தவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அவங்களுக்குக் கஷ்டம்."

ஆமாம், ஒருவர் இருக்கிறார். மூன்றே சொல். சொன்னால் அவருக்கு மட்டும் சாதாரணக் கம்ப்யூட்டர் வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பெட்டி என்று நான் எழுதிய குறிப்பைத் திருத்த வேண்டும், கோப்பு மறுபடி மேலே போய் வர வேண்டும்.

"அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்," என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார். 'ஒலி சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்கு நேராக டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

லீவு முடிந்து வந்த அன்று, வேலைக்கு உட்கார்ந்த அரை மணி நேரத்தில் அண்ணன் என் அறைக்கு வந்தார்.

"மேடம், நான் அடுத்த எழுத்துக்குப் போன பொறவுதான் முந்தின எழுத்துக்க சத்தம் வருது. இடையில சிலதை முழுங்கவும் செய்யுது."

"எல்லாருக்கும் நல்லாத்தானே கேக்குது அண்ணன்."

"எனக்க சாஃப்ட்வேரையும் போட்டுப் பாத்தியளா?"

"உங்களுக்கும் சேத்துதான் டெஸ்ட் பண்ணினோம். பழகிரும்."

பச்சைப் பொய். அவர் அதை நம்பினார். "செரி, அப்பம் நான்தான் பழகணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழகத்தான் பார்த்தார். முதல் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டார். ஆனாலும் அவருடைய வரிசையில் சம்மரிகள் சேர்ந்துகொண்டே போயின. மூன்றாவது மாதம், இடது முழங்காலில் அறுவை செய்துகொண்ட ஒருவரின் சம்மரியில் வலது என்று வந்துவிட்டது. வார்டு நர்ஸ் பார்த்துத் திருத்திவிட்டார். நோயாளிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மெமோ கொடுக்கச் சொன்னார். மெமோவை எழுதியது நான். அண்ணனைக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டியதும் நான்தான்.

"ஒருக்கக் கூட வாசியுங்க," என்றார். மறுபடியும் வாசித்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பதில் தந்தார். 'என் கவனக்குறைவு. இனி நடக்காது.' அந்தத் தாளையும் கோப்பில் சேர்த்தேன். இரண்டு வாரம் கழித்து அவரை டெலிபோன் அறைக்கு மாற்றினார்கள். 'அவரது விருப்பத்தின் பேரில்' என்று குறிப்பு எழுதினேன். உண்மையில் கண்காணிப்பாளர் கேட்டார், இவர் "செரி சார்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் டெலிபோன் அறையைத் தாண்டிப் போகும்போது, செருப்புச் சத்தத்தை வைத்தே என்னைக் கூப்பிட்டார்.

"மேடம்தானே? ஒரு பேப்பர் வாசிக்கணும். கதவைச் சாத்திருங்க."

காது பரிசோதனை ரிப்போர்ட். எங்கள் மருத்துவமனை டாக்டரிடம் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் தக்கலையில் போய்ப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணும் இல்லன்னுதான் அந்த டாக்டர் சொன்னாரு. குருடன்னு பாத்து எரக்கத்துல சொல்லியாரோன்னு ஒரு சம்சயம். இதுல உள்ளதை உள்ளபடி வாசியுங்க."

வாசித்தேன். இரண்டு காதும் நன்றாக இருந்தன.

"அப்பம் மூளைக்குத்தான் வயசாச்சு போல," என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அண்ணன், காதும் இல்ல, மூளையும் இல்ல. அந்தப் பெட்டிதான்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினியர் கேட்டது, நான் மறைத்தது, அவருடைய மென்பொருளைப் போட்டுப் பார்க்கவே இல்லை என்பது. நடுவில் இரண்டு போன் வந்தது. "வணக்கம், சொல்லுங்க. ஸ்கேன் ரூமா? லைன்ல இருங்க," என்று எப்போதும்போல அதே குரலில் இணைத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்க அப்பனுக்கு அம்பது வயசுல காது போச்சு. மீன்பிடி போட்டுக்க எஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டு. எனக்கும் வந்துட்டுன்னு நெனச்சேன்," என்றார். "காலையில பஸ்ஸுக்கு வரும்போ நிண்ணு, கடல் சத்தம் நேத்து கேட்ட அளவுக்குக் கேக்குதான்னு பாப்பேன். தெனமும். கண்ணு இல்லாம இருந்திரலாம் மேடம். காதும் இல்லன்னா..."

மன்னிச்சிருங்க என்றேன்.

"அந்த மெமோ எனக்க ஃபைல்ல கெடக்குல்லா? அதை எடுக்கணும்."

அன்றே கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இதெல்லாம் எழுத்துல வேணுமா? ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது," என்றார். மெமோவை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று நின்றேன். ரத்து செய்தார்கள். எனக்கு ஒரு மெமோ வரும் என்று பல நாள் காத்திருந்தேன். வரவில்லை.

அவருக்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் வந்தது. ரெக்கார்ட்ஸுக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் பழைய வேகமும் வந்துவிட்டது. என்னிடம் வேலை விஷயமெல்லாம் பேசுகிறார். அதற்கு மேல் பேசுவதில்லை. நானும் போய் நிற்பதில்லை.

ஊர்த் திருநாள் முடிந்த சமயம், அவர் மனைவி மருத்துவமனைக்கு வந்திருந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. வராந்தாவில் என்னை நிறுத்தி, "நீங்கதானே அந்த மேடம்? அவியளுக்குத் தனியா கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தது நீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார்.

நான் ஏதோ முனகினேன்.

"அதுக்கு முந்தி வீட்டுல பட்ட எடங்கேறு கொஞ்சம் இல்ல. டிவியை நிறுத்து, யாரும் பேசாத, எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்னு ஒரே எரிச்சல். பிள்ளைகளே பக்கத்துல போகாது. என்னன்னு கேட்டாலும் சொல்ல மாட்டாரு. நான் மாதாவுக்கு நேந்திருந்தேன். நீங்க நல்லா இருப்பியோ."

ஒரு பையை என் கையில் வைத்தார். நெத்திலிக் கருவாடு. "நானே காயப்போட்டது. மண்ணு இருக்காது," என்றார்.

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். வராந்தாவில் ஆட்கள் இருந்தார்கள் என்பது ஒரு சாக்கு. அண்ணன் வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பதை நான் எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று. பையை வாங்கிக்கொண்டேன். மறுநாள் வறுத்தேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள்.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று அண்ணனிடம் நான் இதுவரை கேட்கவில்லை.