பேத்தை திண்ட மாப்பிள்ளை

நாய் வாங்கப் போறன் எண்டு இவர் சொன்ன உடன நான் விழுந்து விழுந்து சிரிச்சனான். எங்கட பேசாலையில ஆர் காசு குடுத்து நாய் வாங்குறது? கடற்கரைக்கு ஒருக்கா நடந்து போனால் கூப்பிடாமலே நாலஞ்சு பின்னால வரும். ஆனால் என்ர மனிசன் சிரிக்கேல்லை. நீர்கொழும்பில இவருக்கு என்ஜின் சாமான் விக்கிற ஆளின்ர வீட்டில லெப்ரடோர் குட்டி போட்டிருக்காம். எனக்குச் சொல்லாமல் ரண்டு தரம் போய்ப் பாத்திட்டும் வந்திட்டாராம். கலியாணத்துக்கு முன்னம் என்னை ஒருக்காத்தான் வந்து பாத்தவர்.

விலையைக் கேட்டுப்போட்டு நான் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன். "என்ர மாதாவே, இது நாயோ காரோ?" எண்டு கேட்டன். இவர் வள்ளங்களின்ர அவுட்போட் என்ஜின் திருத்துறவர். அந்தக் காசுக்கு நல்லாய் ஓடுற பழைய என்ஜின் ஒண்டு வாங்கலாம் எண்டு அவருக்கே தெரியும். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. தனக்கெண்டு ஒரு சேட்டுக்கூட ஆசையாய் வாங்காத மனிசன் வாயைத் திறந்து கேட்ட முதல் சாமான் இந்த நாய்தான். நான் என்னெண்டு மறிக்கிறது? "சீதனம் குடுத்து மாப்பிள்ளை எடுக்கிறியள் போல கிடக்கு, எடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டன். அண்டையிலயிருந்து எனக்கு அது மாப்பிள்ளைதான்.

குடுத்த விலை வெறும் முற்பணம் எண்டு பிறகுதான் விளங்கினது. விசர்நாய்க்கடி ஊசியை ஊருக்கு வந்து சும்மா போட்டிட்டுப் போவினம், சரி. இந்தச் சாதி நாய்க்கு அது மட்டும் காணாதாம். வயித்தால ரத்தமாய்ப் போற வருத்தம், ஈரல் வருத்தம் எண்டு எல்லாத்துக்கும் சேத்து இன்னொரு ஊசி. அதையும் ஒருக்காப் போட்டால் முடியாது, கிழமைக் கணக்குப் பாத்துத் திருப்பித் திருப்பிப் போட வேணும். மன்னார் டவுனில மிருக வைத்தியர் இருந்தவ, ஒரு சின்ன வயசுப் பிள்ளை. பகலில அரசாங்கக் கந்தோரில ஆடு மாடு பாப்பா, மற்ற நேரத்தில தன்ர வீட்டில நாய் பூனை பாப்பா. ஆனால் அந்த மருந்துப் போத்தல் வவுனியாவிலதான் கிடைக்கும். வெயில் பட்டால் மருந்து பழுதாப் போகும் எண்டு இவர் ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு, மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில வந்தவர். பக்கத்துச் சீற்றில இருந்த மனிசி, "என்ன அண்ணை, அறுக்குளாவோ?" எண்டு கேட்டாவாம். இவர் வெக்கத்தில ஓம் எண்டிட்டாராம். "வவுனியாவிலயிருந்து மன்னாருக்கு மீன் கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" எண்டு நான் ஒரு மாதமாய்ப் பகிடி பண்ணினன்.

பிறகு காது. மாப்பிள்ளை கடலைக் கண்டால் நிக்காது, பாய்ஞ்சுபோடும். தொங்கு காதுக்குள்ள உப்புத் தண்ணி நிண்டு சீழ் பிடிச்சு, வீடு முழுக்க ஒரு மணம். பெருவிரல் அளவு போத்தலில சொட்டு மருந்து. அதின்ர விலைக்குப் பாமசிக்காரனோட நான் பட்ட சண்டையில கடைக்கு வந்த சனம் மருந்து வாங்க மறந்து நிண்டுது. ஒவ்வொரு நாளும் குளிச்ச பிறகு காதைத் திருப்பித் துடைச்சுக் காய விட்டிருந்தால் அந்தச் செலவே வந்திராது எண்டு டொக்டர் பிள்ளை சொன்னா. அண்டு துடங்கி இவர் பழைய பெனியன் துண்டோட நாய்க்குக் காது துடைச்சுக்கொண்டு இருப்பார். எனக்குத் தலையிடிச்சால் தைலம் தேய்க்க ஆள் இல்லை.

பிறகு உண்ணி. "உங்கட வீட்டில கழிவு ஒயிலுக்கு என்ன பஞ்சம், அள்ளிப் பூசுங்கோ" எண்டு ஊரே சொன்னது. எனக்கும் அது நல்ல யோசனையாய்த்தான் பட்டது. டொக்டர் பிள்ளை கேட்டுப்போட்டுப் பதறிப்போனா. தோலும் வெந்து, அதை நக்கி ஈரலும் கெட்டு நாய் செத்துப் போகுமாம். கழுத்துக்குப் பின்னால விடுற மருந்து ஒண்டு எழுதித் தந்தா, அதுக்கும் ஒரு விலை. தீனுக்கும் சட்டம். கருவாடு குடுக்கக் கூடாது, உப்புக் கூடாது, மீன் முள்ளுக் கூடாது. நாங்கள் ரண்டு பேரும் கருவாட்டுக் குழம்போட சோறு தின்ன, மாப்பிள்ளை உப்பில்லாமல் அவிச்ச கோழி திண்டுது. சொன்னால் ஆரும் நம்பமாட்டினம்.

இவ்வளவுக்கும் காவல் வைச்ச நாங்கள் பேத்தைக்குக் காவல் வைக்கேல்லை.

பேத்தையைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். கரைவலை இழுத்தால் நல்ல மீனோட அதுவும் வரும். வெளியில எடுத்த உடன வயித்தை ஊதிக்கொண்டு பந்து மாதிரிக் கிடக்கும். அதின்ர ஈரல், முட்டை, தோல் எல்லாம் நஞ்சு. எங்கட ஆக்கள் அதை எடுத்து மணலில எறிஞ்சுபோட்டுத் தங்கட வேலையைப் பாப்பினம். ஊர் நாயள் மணந்து பாத்திட்டு அங்கால போகும். பேத்தை திண்டு ஊர் நாய் ஒண்டு செத்ததை நான் பிறந்த நாளிலயிருந்து காணேல்லை. அதாலதான் நாயைப் பேத்தையிட்டயிருந்து காக்க வேணும் எண்ட நினைப்பே எங்களுக்கு வரேல்லை. டொக்டர் பிள்ளையிட்ட நாங்கள் கேக்கவும் இல்லை.

அண்டைக்குச் சனிக்கிழமை. காலமை இவர் வழக்கம் போல மாப்பிள்ளையைக் கடற்கரைக்குக் கொண்டு போனவர். அங்க வள்ளமும் வலையும் வைச்சிருக்கிற எங்கட பக்கத்து வீட்டுச் சம்மாட்டியாரின்ர கரைவலை அப்பதான் கரைக்கு வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு இவர் பந்து எறிஞ்சு எடுத்து வரப் பழக்கியிருந்தவர். மணலில உருண்டு கிடந்த பேத்தையை அது பந்தெண்டு கவ்விக்கொண்டு ஓடியிருக்கு. இவரும் சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார். கிட்டப் போய்ப் பாக்கேக்க வாயில வால் துண்டு மட்டும்தான் மிச்சம்.

நான் சோத்துக்கு அரிசி களைஞ்சுகொண்டிருந்தனான். படலை திறந்த சத்தம் கேட்டு எட்டிப் பாத்தால், இவர் அந்தப் பெரிய நாயைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வாறார். அதின்ர வாயால வீணீர் ஓடுது. நிலத்தில விட்டால் பின்னங்கால் ரண்டும் தன்ர பாட்டில மடியுது. ஒருக்காச் சத்தி எடுத்துது. பிறகு முன்னங்காலும் விட்டுட்டுது. பிறகு தலை. டொக்டர் பிள்ளைக்கு இவர் போன் அடிக்கிறார், அடிக்கிறார், அவ எடுக்கேல்லை. பின்னால வந்த சம்மாட்டியார் குனிஞ்சு பாத்திட்டு, "பேத்தை திண்டால் மனிசரே தப்பமாட்டினம் தம்பி. உயிர் போயிட்டுது, விடும்" எண்டார். நெஞ்சு எழும்பேல்லை. நாக்கு நீலம் பாரிச்சுக் கிடந்துது. இவர் அதின்ர காதைத் தூக்கிக் கூப்பிட்டுப் பாத்தார். அசைவில்லை.

நான் இவர் அழுததை மாமி செத்த அண்டும் காணேல்லை. அண்டைக்குக் கண்டன். சத்தமில்லாமல் அழுதுகொண்டு போய் மண்வெட்டியை எடுத்தார். நாய் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலயே, வேலியோரம் வெட்டத் துடங்கினார். எங்கட மண் வெறும் மணல்தான், ஆனால் முருங்கை வேர் ஓடிக் கிடந்ததால ஓங்கி ஓங்கிக் கொத்த வேண்டியதாப் போச்சுது. நாய்க்குக் கேக்கிற தூரம் எண்டு அப்ப ஆர் நினைச்சது?

எனக்கு அதிர்ச்சி வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும். அது என்ர பிறவிக்குணம். நாயின்ர தலைமாட்டில நிண்டு நான் கத்தினன். "ஊர் நாய்க்கு இருக்கிற அறிவு இல்லாத சனியனுக்கு இவ்வளவு காசைக் கொட்டினியளே! ஊசிக்குக் கொட்டினது, காதுக்குக் கொட்டினது, எல்லாம் இப்ப மண்ணுக்குள்ள! துலைஞ்சுது போ!" எண்டன். இன்னும் கனக்கச் சொன்னன், எழுத வெக்கமாய்க் கிடக்கு. சம்மாட்டியார் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் நாயைக் கிடங்குக்குள்ள இறக்கினார். ஒரு வெட்டு மண் அள்ளிக் காலடியில போட்டார். அப்பதான் கழுத்துப் பட்டி என்ர கண்ணில பட்டது. நல்ல தோல் பட்டி, கொழும்பிலயிருந்து எடுப்பிச்சது. "பொறுங்கோ, பட்டியைக் கழட்டுங்கோ" எண்டன். "விடு" எண்டார் இவர். "என்ன விடுறது? அதையும் சேத்துப் புதைக்கிறதோ?" எண்டு கேட்டுக்கொண்டு நானே கிடங்குக்குள்ள இறங்கினன். பட்டி இறுக்கமாய் இருந்துது. கொளுவியைக் கழட்ட விரலை உள்ளுக்க விட்டன்.

விரலுக்குக் கீழ ஏதோ துடிச்சுது.

என்ர நாடியாக்கும் எண்டு நினைச்சுக் கையை எடுத்திட்டுத் திரும்ப வைச்சன். திரும்பத் துடிச்சுது. "சேசுவே! உயிர் கிடக்கு! இஞ்சருங்கோ, உயிர் கிடக்கு!" எண்டு நான் போட்ட சத்தத்தில இவர் மண்வெட்டியோட கிடங்குக்குள்ள விழுந்தார். இன்னும் ரண்டு வெட்டு மண், அவ்வளவுதான். உயிரோட தாட்டிருப்பம்.

சம்மாட்டியார் ஓடிப்போய் ஓட்டோ பிடிச்சார். அந்த நேரம் பாத்து டொக்டர் பிள்ளை திருப்பிப் போன் எடுத்தா. நான் ஒண்டும் விளங்காமல் "பேத்தை, பேத்தை" எண்டுதான் கத்தினன், அவ பிடிச்சுக்கொண்டா. "மூச்சு நிண்ட மாதிரிக் கிடக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இழையும், இதயமும் ஓடும். நாயின்ர வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு அதின்ர மூக்குக்குள்ள ஊதுங்கோ. நெஞ்சு எழும்ப வேணும். நிப்பாட்டாமல் ஊதிக்கொண்டே வாங்கோ" எண்டா.

இவர் ஊதினார். ஓட்டோ பாதி வழியில தோட்டவெளிக்கு வரேக்க இவருக்குத் தலை சுத்தி ஏலாமல் போச்சுது. அந்த நாயைத் தொட்டால் சவுக்காரம் போட்டுக் கை கழுவுறவள் நான். அண்டைக்கு அதின்ர மூக்கில என்ர வாயை வைச்சு ஊதினன். வீணீரும் மணலும் என்ர வாய்க்குள்ள. நெஞ்சு எழும்பிச்சுது. எழும்பினதைக் கண்டு எனக்கு வந்த அழுகைக்கு அளவில்லை, அழுதுகொண்டு எப்பிடி ஊதுறது எண்டு இவர் என்னைத் தள்ளிப்போட்டுத் திரும்பத் தான் ஊதினார்.

போய்ச் சேர்ந்த உடன டொக்டர் பிள்ளை நாயின்ர தொண்டைக்குள்ள ஒரு குழாயை விட்டு, அதில ஒரு ரப்பர் பையைப் பூட்டி அமத்திக் காட்டினா. "இதுக்கு மாத்து மருந்து இல்லை அம்மா. நஞ்சு தானாய் இறங்குமட்டும் நாங்கள்தான் அதுக்காக மூச்சு விட வேணும்" எண்டா. நாங்கள் மாறி மாறி அமத்தினம். எவ்வளவு முடியும் எண்டு நான் கேக்கேல்லை. என்ர சீவியத்தில விலை கேக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

வெயில் சரியேக்க அவ நாயின்ர கண்ணுக்கு லைற் அடிச்சுப் பாத்திட்டுச் சிரிச்சா. "பயப்பிடாதேங்கோ. இந்த நஞ்சு உடம்பைத்தான் கட்டிப்போடும், அறிவைத் தொடாது. காது கேக்கும். தனக்கு என்ன நடக்குதெண்டு எல்லாம் அதுக்குத் தெரியும். அதால ரண்டு பேரும் நல்லதாய் ஏதும் கதைச்சுக்கொண்டிருங்கோ" எண்டா.

அவ எங்களைத் தேத்தத்தான் சொன்னவ. பையை அமத்தின இவற்ர கை அப்பிடியே நிண்டு போச்சுது. நான் பறிச்செடுத்து அமத்தினன். காலமை துடக்கம் அதுக்குப் பக்கத்தில நிண்டு நாங்கள் செய்தது, சொன்னது எல்லாம் ஒவ்வொண்டாய் என்ர தலைக்குள்ள வருது. "கதையுங்கோவன்" எண்டா டொக்டர் பிள்ளை. நான் அதின்ர கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தன், அவ்வளவுதான்.

பொழுதுபடேக்க இமை அசைஞ்சுது. பிறகு தானாய் ஒரு மூச்சு. குழாயை எடுத்தா. அடுத்த நாள் பின்னேரம், தள்ளாடித் தள்ளாடி நடக்கிற மாப்பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்தம். ஊரே வந்து பாத்திட்டுப் போச்சுது. இவர் அதை விட்டு விலகேல்லை. அதுவும் இவற்ர மடியில தலையை வைச்சுக்கொண்டு அவிச்ச கோழி திண்டுது. எல்லாம் சரி வந்திட்டுது எண்டு நான் கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்தன்.

திங்கட்கிழமை காலமை இவர் அந்தக் கிடங்கை மூடப் போனார். அது திறந்தபடி கிடக்கிறதை அவருக்குப் பாக்க ஏலாமல் கிடந்துது. மாப்பிள்ளை என்னோட விறாந்தையில படுத்திருந்துது. மண்வெட்டி முருங்கை வேரில பட்டு ஒரு சத்தம் கேட்டுது, ஒரே ஒரு சத்தம். கோயில் திருநாள் வெடிக்கே கண் திறக்காத நாய் துள்ளி எழும்பிச்சுது. ஏலாத காலை இழுத்துக்கொண்டு, விறாந்தையெல்லாம் மூத்திரம் போகப் போக, அறைக்குள்ள ஓடி அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில தலையைச் செருகிக்கொண்டு நடுங்கிச்சுது.

இவர் மண்வெட்டியை எறிஞ்சுபோட்டு ஓடி வந்தார். கையெல்லாம் மண். அலுமாரிக்கு முன்னால நிலத்தில குந்தியிருந்து கையை நீட்டினார். "வா மோனை. இஞ்ச வா. நான்தான். நான்தான் மோனை" எண்டு சொல்லுறார். அவர் சொல்லச் சொல்ல அது இன்னும் உள்ளுக்குத்தான் போச்சுது. அவர்தான் எண்டு அதுக்கு வடிவாய்த் தெரியும்.