அத்தானுக்குப் பிட்ட அப்பம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி சொல்வாள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, எனக்கு வாயில் பூட்டு கிடையாது. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார். தப்பான விடையைப் பார்த்துவிட்டால் சிவப்பு மையால் சுழிக்காமல் கை நிற்காது. அந்தப் புத்தியைப் பரீட்சைத் தாளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

வீடு இரும்புலியூரில். தாம்பரத்தில் இருக்கும் எங்கள் சபையில் நான் கமிட்டி உறுப்பினன். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. ஆராதனை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு ஆயர் வீட்டுக்கே அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுபோய்க் கொடுப்பார். என்னிடம் கார் இருப்பதால் அவரை அழைத்துப்போவது என் பொறுப்பு. யார் யார் வீடு என்று பட்டியல் எழுதுவதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா புருஷன், என் அத்தான், மின்சார ரயில் ஓட்டியவர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். ஓய்வு பெற்றதும் கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து எங்கள் கோயிலுக்குத்தான் வருவார்கள். கீழ்க்கட்டளையில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேதம் படிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. பொழுது போகாமல் போனவர், அங்கே வரிக்கு வரி படித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இயேசு கடவுளுடைய மகன், கடவுள் அனுப்பியவர், நம்மை மீட்டவர், எல்லாம் சரி. ஆனால் அவரே கடவுள் இல்லை. இதுதான் அவர் முடிவு.

யாரிடமும் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை அவர். கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம் அல்லவா, அதில் இயேசுவைக் கடவுள் என்று சொல்கிற இடம் வரும்போது மட்டும் அவருடைய உதடு நின்றுவிடும். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வார். இது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஜெபம் பண்ணுவதை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெப்படி?

அதன் பிறகு எந்தச் சாப்பாட்டிலும் நிம்மதி இல்லை. அக்கா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பாள், நான் நாலாம் சுவிசேஷத்தின் முதல் வசனத்தை, அந்த வார்த்தை தேவனாயிருந்தது என்பதை, எடுத்துப் போடுவேன். அத்தான் அதே சுவிசேஷத்தில் பின்னால் போய், பிதா தன்னைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொல்கிற இடத்தை எடுத்துக் காட்டுவார். தோட்டத்தில் வியர்வை ரத்தமாக வடிய ஜெபித்தாரே, யாரிடம் ஜெபித்தார், தன்னிடமேவா என்பார். நான் தோமாவைக் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். அதைக் காட்டி, காயத்தைத் தொட்டுப் பார்த்து அவரைக் கடவுள் என்று கூப்பிட்ட மனுஷன் அதோ அந்த மலையில் செத்திருக்கிறார், நீங்கள் இங்கே துணி காயப்போட்டுக்கொண்டு இல்லை என்கிறீர்களே என்று கேட்டேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல பாயிண்ட் மாப்ள என்று தட்டிக்கொடுத்தார். அவருக்கு அது விளையாட்டு இல்லை, ஆனால் சண்டையும் இல்லை. எனக்குத்தான் அது சண்டை.

போன கிறிஸ்துமஸ் விருந்து எங்கள் வீட்டில். என் மனைவியின் அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பிரியாணிக்கு நடுவில் நானாகத்தான் பேச்சை ஆரம்பித்தேன். நாலு பேர் பார்க்க ஜெயிக்க வேண்டும் என்ற அரிப்பு. அரை மணி நேரம் பேசினேன். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எலும்பை ஓரமாக வைத்தார்.

“மாப்ள, நான் முன்னாடி கேபின்ல இருப்பேன். கார்டு கடைசிப் பெட்டில இருப்பாரு. அவரு ரெண்டு மணி அடிச்சாத்தான் நான் வண்டிய எடுக்கணும். முப்பது வருஷம் அப்படித்தான் ஓட்டுனேன். இயேசுவும் பிதா சொல்லாம ஒரு அடி எடுத்து வெக்கல. மணி அடிச்சவரும் வண்டி எடுத்தவரும் ஒரே ஆளுன்னு சொன்னா எப்படி?”

எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் கைகூடத் தட்டினான். எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்கிற பையனைப் போல நின்றேன். அன்றைக்கு அறுபட்ட மூக்கு ஆறவே இல்லை.

இரண்டு மாதத்தில் அத்தானுக்குக் குடலில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்து, திறந்த மாதிரியே மூடிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

பங்குனி வெயில் ஆரம்பித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் எங்கள் வீட்டையும் எழுது என்றாள். அவர் ஆசைப்படுகிறார், இரண்டு பேரும் சேர்ந்து வாங்க வேண்டும் என்கிறார், இன்னொரு முதல் ஞாயிறு வருமோ என்னவோ என்றாள். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இயேசுவைக் கடவுள் இல்லை என்கிறவருக்கு எப்படி அக்கா என்று இழுத்தேன்.

“டேய், நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். ஐயாவைக் கூட்டிட்டு வா. வந்து வாயத் தொறக்காம இரு. அது போதும்டா.”

சரி அக்கா, பேச மாட்டேன் என்றேன். சத்தியம் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆனால் அவள் அதைச் சத்தியமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் போனபோது கட்டில் பக்கத்தில் சின்ன ஸ்டூல் போட்டு, கஞ்சி போட்ட வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். அத்தான் சவரம் செய்திருந்தார். வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டன் வரை போட்டும் சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். நான் பையைத் திறந்து டப்பாவையும் கிண்ணத்தையும் துணிமேல் எடுத்து வைத்தேன். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஐயா, நம்ம மாப்ள கிறிஸ்மஸ்லேர்ந்து ஒரு கேள்விக்குப் பதில் தேடிட்டே இருக்காரு. கெடச்சுதான்னு கேளுங்க.”

அவ்வளவுதான். சாகக் கிடக்கிற மனுஷன், தன்னைப் பார்க்க வந்தவனைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். ஆயரும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆயர் முன்னாலேயா என்று தோன்றியது. கண்ணை மூடினேன், ஜெபம் ஓடியது, ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை. ஆயர் ஆசீர்வதித்து அப்பத்தை நாலாகப் பிட்டார். அவருக்கொன்று, எனக்கொன்று, அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒவ்வொன்று. ஆயரும் நானும் முதலில் வாங்கினோம். அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு ஆயர் கட்டில் பக்கம் குனிந்தார். அத்தான் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினார்.

“ஐயா, ஒரு நிமிஷம். இவரு இயேசுவைக் கடவுள்னு ஒத்துக்கறதில்ல” என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நானா கெட்டேன்?

ஆயர் கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு மெதுவாக, அத்தானின் பெயரைச் சொல்லி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டே ஆக வேண்டிய நிலைமையை நான் உண்டாக்கிவிட்டேன். அத்தான் ஒரு வார்த்தை, ஆமாம், கடவுள்தான் என்று சொல்லியிருக்கலாம். யார் அவரைக் குற்றம் சொல்லியிருப்பார்கள்?

“உங்ககிட்ட முன்னாடி சொன்னதுதான் ஐயா. இப்ப மாத்திச் சொன்னா இது எனக்குத் தொண்டையில எறங்காது” என்றார்.

நீட்டிய கையை மெல்ல மடக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். ஆயர் அவர் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். ஜெபம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அத்தானின் கை காலியாகவே இருந்தது. பிறகு அக்காவிடம் வந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்று.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆசீர்வதித்த அப்பத்தை மீதம் வைக்கக் கூடாது, வெளியே போடவும் கூடாது. கொடுத்தவரும் கூட வந்தவரும் அங்கேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஆயர் அக்காவின் துண்டை எடுத்துக்கொண்டார். அத்தானின் துண்டு எனக்கு. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கென்று பிட்ட அப்பத்தை நான் மென்று விழுங்கினேன். மெல்லியதுதான், நாக்கில் வைத்தால் கரைகிற பண்டம். அன்றைக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அக்கா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

காரில் ஆயர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ரேடியல் ரோடு முடிந்து பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் திரும்புகிற சிக்னலில் நின்றபோது நானே ஆரம்பித்தேன். முன்னாடி சொன்னதுதான் என்று அத்தான் சொன்னது என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. மறைப்பது தப்பு என்று தோன்றியது ஐயா என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றார். “ஆபரேஷனுக்கு முன்னாடியே அவர் என்னைத் தேடி வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார். ரெண்டு மணி நேரம் பேசினோம். தெரிஞ்சுதான் வந்தேன். அது எனக்கும் அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருந்துச்சு. நீங்க கமிட்டி மெம்பர், சாட்சியா நின்னு சொன்னப்புறம் நான் தெரியாத மாதிரி எப்படிக் கொடுக்க முடியும்?”

பச்சை விழுந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டுகிற வரைக்கும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போயிருக்க வேண்டும். போனேன், ஆனால் கேட்கவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அத்தான் கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அவருக்குக் கோபமே இல்லை. நேர் மாறாக, பாவம், என்னைச் சகஜமாக்க அவரே தோமாவைப் பற்றி ஏதோ கேலி செய்தார். அதுதான் என்னைக் கொன்றது. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை வந்தது. அடுத்த மாதத்து முதல் ஞாயிறு வருவதற்கு நாலு நாள் முன்னால் அவர் போய்விட்டார். அடக்க ஆராதனையில் ஆயர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது மட்டும் என் வாய் அழகாக மூடியிருந்தது.

அக்கா இப்போதும் கோயிலுக்கு வருகிறாள். ஆனால் முதல் ஞாயிறுகளில் அவளுடைய வரிசை எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவள் எழுவதில்லை. மற்றவர்கள் போக முழங்காலை ஒதுக்கி வழி விடுவாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பீடத்தண்டை நின்று, வரிசையில் அவள் வருகிறாளா என்று ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

சென்ற மாதம் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். வந்த வண்டியின் கடைசிப் பெட்டி என் எதிரே நின்றது. கார்டு எட்டிப் பார்த்து, மணி அடித்தார். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே வண்டியில்தானே போகிறார்கள்! முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆனால் வண்டி ஒன்று. சந்தோஷத்தில் போனை எடுத்து அத்தானின் நம்பரைத் தேடி, அழுத்தப்போன விரலை நிறுத்தினேன். நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறிக் கீழ்க்கட்டளைக்குப் போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிடைத்த பதிலைச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அத்தானுடைய சிரிப்பு மாதிரியே. அவர் இதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டாலும் உன் முதுகில் தட்டியிருப்பார் என்றாள். அந்தச் சிரிப்பை நம்பி, இனிமேலாவது நற்கருணைக்கு வா அக்கா, என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன்.

அவள் கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

“எனக்கு உங்களை மாதிரி வசனம் போட்டுப் பேசத் தெரியாதுடா. இயேசு கடவுள்னுதான் சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டு வர்றேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்றேன். ஆனா அன்னைக்கு இந்த ரூம்ல, யாருக்கு உண்டு யாருக்கு இல்லைன்னு சொன்னது இயேசு இல்ல. நீ.”

பிறகு முறத்தை என் பக்கம் தள்ளினாள். நானும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.