மாதா ஏறாத லிஃப்ட்

அக்டோபர் பிறந்தால் எங்கள் அன்பியத்தில் மாதா சிலை, சுரூபம் என்போம், வீடு வீடாகப் போகும். அன்பியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஈசூனில் பக்கத்துப் பக்கத்து அடுக்குமாடி புளோக்குகளில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம். ஒரு வீட்டில் மாதா இரண்டு மூன்று நாள் தங்கும். பிறகு ஒரு சாயங்காலம் எல்லாரும் கூடி, பாட்டுப் பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவோம். அங்கே செபமாலை சொல்வோம். முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் ஏதாவது சாப்பிடக் கொடுப்பார். பீஹூன், கறிபாப், கேசரி, ஒன்றும் முடியாவிட்டால் ஒரு டீ. மாதாவோடு வந்தவர்களை வெறும் வயிற்றோடு யாரும் அனுப்பியதில்லை.

பூ என் பொறுப்பு. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இப்போது வேலை செய்வதும் பள்ளிக்கூடத்தில்தான், ஆனால் கேன்டீனில், பாத்திரம் கழுவுகிற இடத்தில். கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் பூ வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்து எம்ஆர்டி ரயில் ஏறி, நம்ம பூக்கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் போவேன். அந்த மாதத்தில் சிராங்கூன் சாலை முழுக்கத் தீபாவளி விளக்குத் தோரணம், நடக்க இடமிருக்காது. பூக்கடைக்காரத் தம்பிக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"என்னக்கா, மாதா இந்த வருஷமும் டூர் கெளம்பிட்டாங்களா?"

"கிண்டல் பண்ணாம நெருக்கமாக் கட்டித் தா. போன தடவ பாதி வழியிலயே உதிர்ந்துபோச்சு."

"மாலையவே மொறச்சுப் பாத்துக்கிட்டு வந்திருப்பீங்க, அதான் பயந்து உதிர்ந்திருக்கும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. எம்ஆர்டியில் உட்கார்ந்தால் மடியில் மாலை நசுங்குமோ என்று கவலை. நின்றால் யாராவது இடிப்பார்களோ என்று கவலை. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்பது அதற்கு நடுவில். என் வீட்டுக்காரர் சொல்வார், "நீ குடைக்கே குடை பிடிக்கிற ஆளு."

பூவைத் தவிர எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரசாங்க வாடகை புளோக்கில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்குக் கோயில் சார்பில் அரிசி, எண்ணெய், பால் டின், பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுப்போம். போகிற இடத்தில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். இல்லாதவர்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று யாரோ நல்ல மனசோடு ஆரம்பித்தது. நாங்களும் நல்ல மனசோடு அதைப் பிடித்துக்கொண்டோம்.

அப்படித்தான் அந்த அங்கிளைத் தெரியும். ஜூரோங் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்தவர். மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது சொந்த வீட்டை விற்றார். மனைவியும் போன பிறகு வாடகை வீட்டுக்கு வந்தார். ஒண்டியாக இருக்கிற இரண்டு பேரைச் சேர்த்துத்தான் அந்த ஒரு ரூம் வீட்டைக் கொடுப்பார்கள். அவரோடு சேர்த்துவிடப்பட்டவர் ஒரு சீனப் பெரியவர். சட்டை போடமாட்டார், சிரிக்கமாட்டார். சுவர் ஓரத்தில் குவான் யின் சாமி மேடையும், அணையாத சிவப்பு விளக்கும், ஒரு பழைய ரேடியோவும் அவருடையவை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தக்கால மலாய்தான். அதில் காற்றாடி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாள் முழுக்கச் சண்டை பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு செப்டம்பரில் பை கொண்டுபோனபோது அங்கிள் கேட்டார்.

"ஏம்மா, அடுத்த மாசம் மாதா இந்த புளோக்குக்கு வருவாங்களா?"

"எந்த வீட்டுக்கு அங்கிள்?"

"இந்த வீட்டுக்குத்தான். ஜூரோங்ல இருந்தப்ப வருஷம் தவறாம எங்க வீட்டுக்கு வருவாங்க. என் சம்சாரம் கடலை அவிச்சு, கேசரி கிண்டி, அமர்க்களம் பண்ணிருவா. அவ போனதுல இருந்து இல்ல. நான் கேக்கல, யாரும் கூப்பிடல."

நான் உடனே அறையைச் சுற்றிப் பார்த்தேன். அந்த அறையில் இரண்டு கட்டில் போட்டால் நடப்பதற்கு ஒரு ஆள் இடம். இருபது பேரை எங்கே நிறுத்துவது? அதைவிட அந்தச் சீனப் பெரியவர். அவர் சாமி மேடைக்கு எதிரில் மாதாவை வைத்து நாங்கள் பாட்டுப் பாடினால் சும்மா இருப்பாரா? வீடு கொடுத்த ஆபீசில் போய்ப் புகார் சொன்னால்? அங்கிளுக்கு இருக்கிற இடமும் போய்விட்டால்? நான் கேட்டுக்கொண்டு நின்ற நேரமெல்லாம் சீனப் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே எனக்குப் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் கேன்டீனில் காப்பி குடிக்கும்போது அன்பியத் தலைவியிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற டீச்சர். நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அங்க கூடப்பிறந்தவங்க மாதிரி ஒத்துமையா இருக்காங்களா, சண்டக்காரங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"சண்டதான் டீச்சர். அந்தச் சீன அங்கிளுக்குப் பிடிக்காது. பாவம், நம்மளால இவருக்குப் பிரச்சன வந்துரக்கூடாது."

"அதுவும் சரிதான். பலகாரம் குடுக்கணுமேன்னு அவரு கஷ்டப்படவும் வேணாம். உங்க வீட்டுக்கு மாதா வர்றப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கிளுக்கு நல்லது செய்துவிட்டதாக எல்லாருக்கும் நிம்மதி. என் வீட்டுக்காரர் மட்டும் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார், "அந்தச் சீன அங்கிள் வேணாம்னு சொன்னாரா?"

"சொல்லணுமா? மொகத்தப் பாத்தாத் தெரியாதா?"

"உன் மொகத்தப் பாத்தா வீடு தீப்பிடிச்ச மாதிரிதான் இருக்கு. அதுக்காக நம்ம வீடு தீப்பிடிச்சா இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு போயிற்று.

அங்கிளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். இந்த வருஷம் இடம் பத்தாது, அடுத்த வருஷம் பார்க்கலாம், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். "சரிம்மா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சீனப் பெரியவர் பேச்சை எடுத்திருப்பேன், அங்கேயே விஷயம் தெரிந்திருக்கும். பை வாங்கிப் பழகினவர் எதையும் ஏன் என்று கேட்பதில்லை. இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

மாதக் கடைசியில் மாதா போக வேண்டியிருந்த வீடு, அங்கிள் புளோக்குக்கு அடுத்த புளோக். அன்று மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது, தரையெல்லாம் ஈரம். டீச்சர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் மெழுகுவர்த்தியோடு பின்னால் பாடிக்கொண்டு போனோம். மழைக்கு ஒதுங்கி அங்கிள் புளோக்கின் திறந்த கீழ்த்தளம் வழியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. அங்கே லிஃப்ட் பக்கத்தில் அந்தச் சீனப் பெரியவர் நின்றிருந்தார். முதல் முறையாகச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் வீங்கின பிளாஸ்டிக் பை. இன்னொரு கையால் லிஃப்ட் கதவை மூடவிடாமல் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

சத்தம் போடத்தான் இறங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "பாட்டக் கொறைங்க, கொறைங்க. சீக்கிரம் வாங்க" என்று பின்னால் வந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்தேன். கூட்டம் வேகமாக அவரைக் கடந்து போனது. திரும்பிப் பார்த்தபோது லிஃப்ட் கதவு அவர் கையை இடித்து இடித்துத் திறந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை என்று அன்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

நவம்பரில் பை கொடுக்கப் போனபோது முதலில் கண்ணில் பட்டது பூதான். குவான் யின் மேடையில் ஒரு மல்லிகை மாலை, காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. நடுவில் ரோஜாக் குஞ்சம். தேக்காக் கட்டு. எனக்கா தெரியாது.

"இது ஏது அங்கிள்?"

"நான்தான் வாங்கிட்டு வந்தேன். நீங்க பக்கத்து புளோக்குக்கு வர்றீங்கன்னு இவன்கிட்ட சொன்னேன். வாசல் வழியாப் போறவங்க உள்ள வராமப் போவாங்களா, பூவ வாங்கி வைன்னு சொன்னான். அவன் மெத்தைய அவனே சுருட்டி காரிடார்ல வச்சுட்டான். காப்பிக் கடைல ஸ்டூல் எரவல் கேட்டு எடுத்துட்டு வந்தான். உங்களுக்கு லிஃப்ட் தெரியாம மாறிப் போயிருவீங்கன்னு கீழ போய் நின்னான். உங்களுக்குக் குடிக்க செவ்வந்தி டீ பாக்கெட் அவன் காசுலயே வாங்கிக்கிட்டான். நான் வேணாம்னேன்மா, கேக்கல."

கட்டிலில் இருந்த பெரியவர் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து ரேடியோவைச் சின்னதாக்கினார்.

"பூ வீணாப் போகுதேன்னு அவன் சாமிக்குப் போடச் சொன்னேன். அதுவும் பொம்பள சாமிதான். கோவிச்சுக்க மாட்டாங்க" என்று அங்கிள் சிரித்தார்.

நான் சிரிக்க முயற்சி செய்தேன், வரவில்லை. அங்கிள் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு டீ பாக்கெட்டை எடுத்து நீட்டினார். கூட வந்த பெண் வழக்கப்படி, "வேணாம் அங்கிள், நாங்க எங்கயும் குடிக்கிறதில்ல" என்றாள். நான் வாங்கி அங்கேயே நின்று ஸ்ட்ராவைக் குத்திக் குடித்தேன். சூட்டிலே கிடந்து வெதுவெதுப்பாக இருந்தது. ஒரே இழுப்பில் முடித்துவிட்டு, "அடுத்த வருஷம் மொத வீடு இதுதான் அங்கிள்" என்றேன்.

"பாக்கலாம்மா" என்றார்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் நானே மறக்காமல் கேட்கப் போனேன். நடுவில் சில மாதம் அந்த புளோக்குக்கு எனக்குப் பதில் மற்றவர்கள்தான் பை கொண்டுபோயிருந்தார்கள். கதவைப் பாதி திறந்தவர் வேறு ஆள். சீனப் பெரியவர் கழிவறையில் விழுந்து இடுப்பு உடைந்து, புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாராம். சாமி மேடை இருந்த சுவரில் கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. புது ஆள் இரவு வேலை பார்க்கிறவர். இந்தத் தடவை நான் வாயைத் திறந்து, மரியாதையாக, கேட்டேன்.

"நோ சிங்கிங் ஆ. ஐ ஸ்லீப் லா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அங்கிள் காரிடாருக்கு வந்து, "விடும்மா, அவனும் வேல பாக்குறவன்தானே" என்றார். நான் பயந்தது எல்லாம் நடந்தது, ஆனால் ஒரு வருஷம் தள்ளி. அது நடக்காத அந்த ஒரு வருஷத்தில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருத்தர் நின்றார், நாங்கள் கடந்து போய்விட்டோம். அந்த அக்டோபரில் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்து கதவோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னார். உள்ளே வாங்க அங்கிள் என்று எத்தனை தடவை கூப்பிட்டும், "இங்கயே காத்து வருது" என்று வரவில்லை.

நவம்பர் கடைசியில் கோயிலில் இருந்து முதியோர் இல்லங்களுக்குப் போய்ப் பாட்டுப் பாடுவது வழக்கம். அந்த வருஷம் புக்கிட் பாஞ்சாங் இல்லத்துக்கு நான்தான் டீச்சரிடம் கேட்டு ஏற்பாடு செய்தேன். அங்கிளையும் வேனில் கூட்டிப்போனோம். சின்ன மாதா சுரூபத்தை டீச்சர் மடியில் வைத்திருந்தார். இல்லத்துக்குள் தூக்கிப் போகலாமா, வேண்டாமா என்று எனக்கு வழியெல்லாம் யோசனை. கடைசியில் வேனிலேயே வைத்துவிட்டுப் போனோம். அதற்கும் காரணம் நான்தான். யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்று.

பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். அங்கிளை அடையாளம் தெரிந்ததும் முதலில் காற்றாடியைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார். அங்கிள் அதைத் தன் பக்கம் திருப்புவது போல நடித்தார். இரண்டு பேரும் சத்தமில்லாமல் குலுங்கினார்கள்.

பிறகு பெரியவர் அங்கிளின் மணிக்கட்டைப் பிடித்து, பழைய மலாயில் கேட்டார்.

"லூ புன்யா மாக் சுடா டாத்தாங் கா?"

உன் அம்மா வந்துவிட்டாளா என்று, மாதாவைத்தான். நான் அவர்கள் பின்னால் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தேன். அங்கிள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"சுடா" என்றார் அங்கிள். வந்தாச்சு.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு கையை விட்டார். அந்த அம்மா வேனில்தான் இருக்கிறாள், இதோ எடுத்து வருகிறேன் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அதற்குள் டீச்சர் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். நான் தட்டைப் பிடித்தபடி நின்று, கூடச் சேர்ந்து பாடினேன்.