பத்தொன்பதாம் படி

இரும்புக் கிடங்கில் கூரையை ஒட்டி ஓடும் கிரேனைப் பதினொரு வருஷமாக ஓட்டுகிறவள் அவள். கிரேனை ஓட்ட உட்காரும் கூண்டுக்குப் போக முப்பத்துநான்கு படிகள் கொண்ட செங்குத்தான ஏணி. கீழே சங்கிலி மாட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மேலிடம்'.

நான்கு வருஷத்துக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தார்கள். சிலிகான் வைத்து மார்பைத் திரும்ப அமைத்தார்கள். மூன்றே மாதத்தில் ஏணி ஏறிவிட்டாள். இந்த மாதம் மூன்றாம் தேதி குளிக்கும்போது, தழும்பின் ஓரத்தில் அரிசியளவு கட்டி விரலில் தட்டுப்பட்டது. பதினேழாம் தேதி பரிசோதனை முடிவு வந்தது. நோய் திரும்பியிருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "சிலிகானையும் சேர்த்து எடுத்தாகணும். அப்புறம் கதிர்வீச்சு. மார்பு திரும்ப வேணும்னா இடது முதுகுச் சதையைக் கொண்டுவந்து வைக்கலாம்."

"ஏணி ஏறலாமா?"

"முதுகுச் சதையை எடுத்தா இடது கைக்கு இழுக்கிற பலம் குறையலாம். எவ்வளவுன்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. திங்கக்கிழமைக்குள்ள யோசிச்சு சொல்லுங்க."

மார்பைத் திரும்ப வைப்பது பற்றிச் சொன்னதும் வீட்டில் கணவர் சலித்துக்கொண்டார். "அம்பது வயசுல யாரு பாக்கப்போறா? எதுக்கு இழுத்து விட்டுக்கறே?"

"நான் பாப்பேங்க. தினம் குளிக்கிறது நான்தானே?"

மார்பும் வேண்டும், கூண்டும் வேண்டும். ஏணி ஏறாதவர்களுக்குக் கிடங்கில் இருப்பது வாசலில் சீட்டுக் கொடுக்கும் நாற்காலி ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை, இடது கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வலது கையால் மட்டும் ஏறிப் பார்த்தாள். பத்தொன்பதாம் படிக்கு மேல் வலது கை இழுக்கவில்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இடது கையை வெளியே எடுத்தால் போதும். எடுத்தால் பதில் தெரிந்துவிடும். கன்னத்தை இரும்பில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, அங்கேயே குடித்தனமா?" என்று கீழிருந்து ஒருவன் கத்தினான்.

"காத்து நல்லா வருதுடா. நீயும் வர்றியா?"

சொல்லிக்கொண்டே இடது கையை வெளியே எடுத்தாள். மிச்சம் பதினைந்து படிகளையும் இரண்டு கையாலும் ஏறினாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், மார்பைத் திரும்ப அமைக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலையில் கணவரிடம் சொன்னாள்.

"அப்பாடா! ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்டியே."

அதனால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஏணியில் நின்ற கதையைச் சொன்னால் ஏணியே வேண்டாம் என்பார். அறுவைக்குப் பிறகு கூண்டுக்குப் போகவே விடமாட்டார். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அதற்குள் தன் அக்காவுக்குப் போன் போட்டிருந்தார். "ஆமாக்கா, நான்தான் எடுத்துச் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டா."