பெட்ரோலுக்குள் ஒரு மோட்டார்

பாகலூர் சாலையில் என் மகள் வயிற்றுப் பேரன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்திருக்கிறான். போன மாதம் அங்கே ஒரு பழைய காருக்குப் புது இன்ஜின் பொருத்தினார்கள். புது இன்ஜினுக்குப் பெட்ரோல் அழுத்தத்தோடு வர வேண்டுமாம். அதற்காகப் பழைய டேங்கைக் கழற்றிக் கழுவி, மேல்தகட்டை வட்டமாக வெட்டி, மின்சார பம்ப் ஒன்றை உள்ளே இறக்கினார்கள். நான் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க தாத்தா. மோட்டாரச் சுத்தி இருக்கற பெட்ரோல்தான் அதுக்குக் கூலிங்கே. காத்து இல்லாததால தீயும் புடிக்காது. டேங்க்க வத்த விட்டாத்தான் மோட்டார் கருகும்" என்றான் பேரன்.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. இதே காரியத்தை என் சித்தப்பா செய்தபோது ஊரே சிரித்தது. இன்று அந்தக் கொட்டகையில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அந்தக் கோபம்தான். அதில் பெரிய பங்கு என்மேலேயே.

எங்கள் ஊர் கெலவரப்பள்ளிப் பக்கம். அப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது அது சமர்த்தாக இறங்கும். திரும்பி வரும்போது மேலுமலை ஏற்றத்தில் நின்றுவிடும். வெயில் காலத்தில் இன்ஜின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுவதுதான் காரணம். இன்ஜினை ஒட்டியிருந்த பழைய பம்பால் ஆவியை இழுக்க முடியாது. உடனே அப்பா இறங்கி, பம்பின்மேல் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, மர நிழலில் துண்டு விரித்துப் படுப்பார். இதற்கென்றே ஒரு சாக்கும் தண்ணீர்க் குடமும் எப்போதும் காரில் இருக்கும். கார் என்றால் நிற்கத்தான் செய்யும் என்பது அவர் கொள்கை.

சித்தப்பாவுக்கு அந்தக் கொள்கை பிடிக்கவில்லை. வயலுக்குப் போகச் சொன்னால் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிற மனிதர் அவர். "இழுக்கறதாலதான்ணா இந்தத் தொல்ல. டேங்க்குக்குள்ளேர்ந்தே தள்ளி உட்டா நிக்காது" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பெங்களூர்ப் பழைய இரும்புச் சந்தையில், ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவே, பெட்ரோலில் மூழ்கி ஓடும் சிறிய மின்சார பம்ப் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து டேங்குக்குள் பொருத்திவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்துத் தெலுங்குக்காரர் வேலியைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தார். "பெட்ரோல்லோ கரெண்டா? அய்யோ தேவுடா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "டேய், ஒங்க சித்தப்பன அப்படியே சுடுகாட்டு வழியா ஓட்டச் சொல்லுடா. திரும்பித் தூக்கிக்கினு வர்ற வேல மிச்சம்!"

சித்தப்பாவுக்கு அந்தப் பம்ப் விளையாட்டல்ல. பெங்களூர் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு மூலைநிலம் இருந்தது. அதில் ஒர்க் ஷாப் போட வேண்டும் என்று அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் சொல்லாமல் அந்த மண்ணைத் தம்பி தொட முடியாது. கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார். "காவேரிப்பட்டினத்துல மச்சான் ஊட்டுக் காதுகுத்துக்குப் போறோமில்ல. திரும்பறப்ப மத்தியான வெயில்ல மேலுமலய நிக்காம ஏத்திக் காட்டு. எடத்த எடுத்துக்க."

எனக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் அறிவியல் புதிது. கரண்டில் பொறி வரும், பெட்ரோலில் பொறி பட்டால் எரியும் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அம்மா பின்சீட்டில் உட்காருவாள். டேங்க் அதற்கு நேர் பின்னால். ஊரே சிரித்ததே தவிர, ஒருவரும் தடுக்கவில்லை. சிரித்த அப்பாவே சித்தப்பாவை ஓட்டச் சொல்லி, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெரியவர்களின் இந்தப் பொறுப்பின்மை என்னைக் கொதிக்க வைத்தது. தம்பட்டம் அடித்துக்கொள்வதற்காக என் அம்மாவை நெருப்பின்மேல் உட்கார வைக்கிறார் என்று சித்தப்பாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

காவேரிப்பட்டினத்தில் காதுகுத்து முடிந்ததும், சித்தப்பா டின்னில் வைத்திருந்த பெட்ரோலை டேங்கில் ஊற்றினார். காரின் பெட்ரோல் முள் என்றோ செத்துப்போயிருந்தது. குச்சி விட்டுத்தான் அளவு பார்ப்பார். அன்று குச்சியை என்னையே பிடிக்கச் சொன்னார். பாதிக்கு மேலேயே ஈரம் இருந்தது. "போதும்டா, பெங்களூருக்கே போலாம்" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்.

பெட்ரோல் குறைந்தால் நெருப்பும் குறையும் என்பது என் கணக்கு. டிக்கியில் ரப்பர் குழாய் இருந்தது. லாரிக்காரர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வாய்வைத்து உறிஞ்சினேன். ஒரு வாய் தொண்டைவரை போய்விட்டது. துப்பித் துப்பி, வாளி வாளியாகப் பிடித்துக் கொல்லைக் குப்பைக்குழியில் ஊற்றினேன். ஊர் போய்ச் சேரும் அளவுக்கு விட்டுவைத்தேன், அதுவும் என் கணக்கில்தான். வாயைக் கொப்பளித்தும் நாற்றம் போகவில்லை. பந்தியில் உட்காராமல் முதல் ஆளாகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

மேலுமலையில் கார் ஏறியது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியது. சித்தப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். "பரவால்லியே தம்பி!" என்றாள் அம்மா. கடைசி வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து ஓர் இரைச்சல் எழுந்து கீச்சிட்டு அடங்கியது. கார் குலுங்கி நின்றது. வயர் கருகிய வாடை வந்தது.

அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்!" என்று கத்தினேன். உண்மையில் நான் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

சித்தப்பா டேங்கில் குச்சியை விட்டார். நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. காருக்கடியில் படுத்து ஒழுகுகிறதா என்று பார்த்தார். டிக்கியைத் திறந்து ரப்பர் குழாயை எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார், வைத்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து குனிந்தார். "வாந்தி வர்ற மாதிரி இருக்குதாடா?" என்று கேட்டார். இல்லை என்று வாயைத் திறந்து சொன்னேன். என் முகத்தருகே சற்று நின்றுவிட்டு நிமிர்ந்தார்.

"என்னாடா ஆச்சு?" என்றார் அப்பா.

"பெட்ரோல் ஊத்த மறந்துட்டேண்ணா."

அப்பா மெல்லச் சிரித்தார். இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு எரிகிறது. "பெட்ரோல் ஊத்தவே நெனப்பில்ல. ஒனக்கு ரோட்டோரத்துல எடம்! நாலு பேரு வண்டிய ஒன்ன நம்பி உடணும்!"

சித்தப்பா டிக்கியை மூடினார்.

நிலம் அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னால் தொழிற்சாலைகள் வந்தபோது அப்பா அதை ஒரு கிடங்குக்காரருக்கு விற்றார். சித்தப்பா பெங்களூரில் யாருடைய கொட்டகையிலோ கடைசிவரை கூலிக்கு வேலை பார்த்தார். பண்டிகைக்கு வரும்போது என் படிப்பைப் பற்றி விசாரிப்பார். நான் இன்ஜினியரிங் படித்தேன். மூழ்கிய மோட்டாருக்குப் பெட்ரோல்தான் காவல் என்று படித்தபோதே, அன்று நான் எதையும் காப்பாற்றவில்லை என்று தெரிந்துவிட்டது. அப்பாவும் உயிரோடிருந்தார், சித்தப்பாவும் இருந்தார், நிலமும் விற்காமல் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சிறுவனையாவது விட்டுவிடலாம். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவனை என்ன செய்வது?

அன்று காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினோம். சித்தப்பா மட்டும் காரோடு நின்றுகொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குச்சியைப் பிடித்தவன் நான். அவர் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தவன் நான். தன் மோட்டார் மோசம் என்று ஒப்புக்கொள்ளத் துணிவில்லாமல், அப்பாவின் முகத்துக்கு நேராக இப்படியும் ஒரு மனிதர் புளுகுவாரா?

"சித்தப்பா பொய் சொல்றாரும்மா. அவரு பெட்ரோல் ஊத்துனாரு. நான் பாத்தேன்."

அம்மா முன்சீட்டில் இருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் என் வாயை அழுந்தத் துடைத்து, "பேசாம வா" என்றாள்.

பொய் சொல்கிறவரோடு பேசுவதில்லை என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். தீபாவளிக்குச் சித்தப்பா சட்டை எடுத்துவந்து கூப்பிட்டபோதுகூட, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.