ஹசிந்தாவின் பதின்மூன்றாவது காசு

“இதையெல்லாம் யாரு தேச்சதுன்னு கேளும்மா” என்றார் விட்கம். பழைய நாணயம் வாங்க டெக்சஸிலிருந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் ஸ்பானிஷில் ஹசிந்தாவிடம் சொன்னேன்.

“நான்தான். வேற யாரு?” ஹசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுத் தேச்சேன். முகமே பாக்கலாம்னு சொல்லு.”

சொன்னேன். விட்கம் லென்ஸைக் கீழே வைத்தார். “நூறு வருஷமா வெள்ளி மேல படிஞ்ச நிறத்தைச் சுரண்டி எடுத்துட்டாங்க. கூடவே விலையும் போச்சு. இனி எடைக்கு எடை வெள்ளி விலைதான்.”

நான் தயங்கினேன். ஹசிந்தா முழங்கையால் இடித்தார். “மென்னு முழுங்காதே. என்ன சொன்னாரு?”

சொன்னேன்.

“அழுக்குக் காசுக்குத்தான் மதிப்பா? இந்த ஆளு குளிக்கிற வழக்கம் உண்டான்னு கேளு.”

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று ஹசிந்தா காசை விற்க வந்ததே கண்ணுக்காகத்தான். மெக்சிகோவின் சகாடேகஸில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் அவர் தைத்த உடுப்பில்தான் மணப்பெண்ணாகக் கோவிலுக்குப் போனவர்கள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவார். அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும். எடைக்கு விற்றால் பாதிகூடத் தேறாது.

உடுப்போடு காசும் அவர் வீட்டிலிருந்துதான் போகும். எங்கள் வழக்கப்படி கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையில் பதின்மூன்று காசு கொட்ட வேண்டும். அசல் வெள்ளிப் பெசோ தெருவில் அவரிடம் மட்டுமே இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மொட்டை மாடியில் துண்டு விரித்து ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். எலுமிச்சை வாசனை வந்தால் யார் வீட்டில் கல்யாணம் என்று நாங்கள் கேட்போம். வருடக்கணக்கில் தேய்த்ததில் காசிலிருந்த கழுகுக்கு இறகே இல்லாமல் போயிற்று.

“கழுகைக் கோழியாக்கிட்டியேடி!” என்று எதிர் மாடியிலிருந்து என் அம்மா கத்துவார்.

“முட்டை போட்டா உனக்கும் ஒண்ணு தரேன்” என்பார் ஹசிந்தா.

ஆனால் அவரிடம் இருந்தது பன்னிரண்டுதான். பதின்மூன்றாவதை ஒவ்வொரு முறையும் தெருவில் யாரிடமாவது சாதாரணக் காசாக வாங்கி, அதையும் பளபளவென்று தேய்த்துச் சேர்ப்பார். அவருடைய கல்யாணத்தில் கணவரின் கையிலிருந்து ஒரு காசு நழுவிக் கீழே விழுந்ததாம். விழுந்த காசை இன்னொரு பெண்ணின் கையில் போடக் கூடாது என்று அவர் அம்மா அதைப் பழுப்புத் தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார். இரண்டு வருடத்தில் கணவர் சுரங்கத்தில் இறந்தார். அதன்பிறகு ஹசிந்தா அந்தப் பொட்டலத்தைத் தொடவே இல்லை.

விட்கம் எடை விலை சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்குப் போய் அதை எடுத்து வந்தார். தாளை விட்கம்தான் பிரித்தார். காசின் ஓரமெல்லாம் மயில்கழுத்து நீலம். உள்ளே போகப் போகச் செம்பொன் நிறம். கழுகின் ஒவ்வொரு இறகும் இருந்தது. விரல் காசின் முகத்தில் படாமல் விளிம்பைப் பிடித்து வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். இரண்டு கண்ணுக்கும் போதும்.

ஹசிந்தா கையை நீட்டவில்லை. “இது ராசியில்லாத காசு. முதல்ல அதைச் சொல்லு. மறைச்சு விக்க மாட்டேன்.”

சொன்னேன். விட்கம் சிரித்தார். “என் பொண்டாட்டி போன வருஷமே என்னை விட்டுட்டுப் போயிட்டா. இனி இது என்ன பண்ணிடப் போகுது?”

அதை நான் சொல்லக் கேட்டபின்தான் ஹசிந்தா பணத்தை வாங்கிக்கொண்டார். தாளை மட்டும் திருப்பிக் கேட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை முடிந்த மாதம் எங்கள் தெரு ரொசௌராவின் கல்யாணம் வந்தது. முதல் நாள் மாலை போனேன். மாடியில் எலுமிச்சை வாசனை இல்லை. ஊசியில் அவரே நூல் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பன்னிரண்டு காசும் லேசாக மங்கிக் கிடந்தன.

“பையில காசு இருக்கா, மகளே?” என்றார்.

பத்து பெசோ நாணயம் ஒன்று இருந்தது. பிசுக்காக இருக்கிறதே என்று பாவாடையில் வைத்துத் தேய்க்கப் போனேன்.

“துடைக்காதே,” என்றார் ஹசிந்தா. “அப்படியே குடு.”